பொற்பனைக்கோட்டை மண்ணரணும் உரோமப் பொற்காசுகளும்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளம் ஒன்றியத்திலுள்ள பொற்பனைக்கோட்டை, மதிலும் அகழியும் இன்றும் அடையாளம் காணத்தக்க நிலையிலுள்ள சங்ககாலக் கோட்டையாகும். இதே மாவட்டத்தின் கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 உரோமப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. இவ்விரண்டையும் இணைத்து, இக்கோட்டையை உரோம வணிகத்தின் காவலரணாகக் கருதும் எண்ணம் எளிதில் எழக்கூடும். அவ்விணைப்பு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உரோம எல்லையரணின் இயல்பு

பிரித்தானியாவில் பேரரசர் ஆட்ரியன் கி.பி. 122இல் எழுப்பத் தொடங்கிய எல்லைச்சுவரை ஒட்டியுள்ள ஹவுஸ்டெட்ஸ் கோட்டை ஏறத்தாழ 5 ஏக்கர் பரப்புடையது. மூலைகள் வளைந்த செவ்வக மதில், நான்கு வாயில்கள், நடுவில் தலைமையகம், வரிசையாகப் படைவீரர் குடியிருப்புகள் என்பது அதன் அமைப்பு. வணிகரும் பிற குடிகளும் மதிலுக்கு வெளியே வாழ்ந்தனர். எல்லை நெடுகிலும் இவ்வமைப்பே பெரிதும் பின்பற்றப்பட்டதால், இடிபாட்டின் ஒரு பகுதியைக் கொண்டே எஞ்சியவற்றை ஆய்வாளர் ஊகிக்க இயலும். கோட்டை அங்குப் பேரரசின் நேரடி ஆட்சிக்குச் சான்று.

பொற்பனைக்கோட்டையின் இயல்பு

பொற்பனைக்கோட்டையில் இத்தகைய ஊகத்திற்கு இடமில்லை. ஏறத்தாழ 44 ஏக்கர் பரப்பை வளைத்துச் செல்லும் மண்மதிலும் அதனைச் சூழ்ந்த அகழியும் உரோமப் படையரணின் அமைப்பிலிருந்து வேறுபட்டவை. 2021இல் இங்கு அகழாய்வு நடைபெற்றது. 2023இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. செங்கல் கட்டுமானம், பொன் அணிகலன், எலும்பு முனைக் கருவி, சூதுபவள மணி ஆகியன வெளிப்பட்டன. அணிகலனும் மணியும் மதிலுக்குள் படைக்காவலுக்கு அப்பாற்பட்ட வாழ்வும் நிகழ்ந்ததைச் சுட்டுகின்றன. இங்குக் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல், வீரரைப் போற்றும் உள்ளூர் மரபுக்குச் சான்றாகிறது. மதிலை முற்றுதலும் காத்தலும் உழிஞை, நொச்சி எனத் தமிழ்ப் புறத்திணை மரபில் தனித்து வகுக்கப்பட்டவை. எனவே அரணமைப்பை விளக்க அயல்நாட்டு முன்மாதிரி தேவையில்லை.

பொற்காசுகள் உணர்த்துவன

கருக்காக்குறிச்சிக் காசுகள் அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காலத்தவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்ட கீறல் காணப்படுகிறது. அச்செயலின் நோக்கம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், பேரரசரின் உருவம் சிதைக்கப்பட்ட பின்னரும் காசுகள் பொன்னாகப் பேணப்பட்டுள்ளன. இங்கு மதிக்கப்பட்டது உலோகமே, பேரரசின் ஆணையன்று. மேலும், புதையலின் இறுதிக் காசு அது புதைக்கப்பட்ட காலத்தின் முன்னெல்லையை மட்டுமே தரும், பின்னெல்லையைத் தராது. ஆகவே, கோட்டையின் காலத்தைக் கணிக்க அதனைப் பயன்படுத்துதல் பொருந்தாது.

முடிவுரை

உரோமப் பொன் இப்பகுதியை அடைந்தது என்பது உறுதி. அப்பொன்னைக் காக்கவே இக்கோட்டை எழுந்தது என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவன்று. அத்தகைய முடிவை நிறுவ, கோட்டையின் மண்ணடுக்குகளிலேயே காலம் உறுதிசெய்யப்பட்ட அயல்நாட்டுப் பொருள்கள் சான்றாக வேண்டும். மதிலும் அகழியும் சிதையாது காக்கப்பட்டால்தான் அச்சோதனை இயலும். மண்ணடுக்கு ஒருமுறை குலைந்தால் அதனை மீண்டும் அமைக்க எந்த ஆய்வாலும் முடியாது.