இணையத்துக்கும் முறைப்பாசனம்

கல்லணைக்கு வரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. யாருக்கு எவ்வளவு என்பது மதகின் ஷட்டரில் இருக்கிறது. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்து விடுவார்கள்: சில நாள் இந்த ஆற்றுக்கு, அடுத்த சில நாள் அந்த ஆற்றுக்கு. முறை தவறினால் தலைமடை வயல் நிரம்பி வடிகாலில் வழியும். பேராவூரணிப் பக்கத்துக் கடைமடையில் நாற்று கருகும்.

இணையத்தில் ஷட்டர் இறக்க ஆள் கிடையாது. தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. அவற்றை வழி பிரித்து அனுப்பும் ரவுட்டரில் கூட்டம் சேர்ந்தால் பொட்டலங்கள் வரிசையில் நிற்கும். வரிசை நிரம்பினால் மேற்கொண்டு வருபவை உதிர்ந்துபோகும். உதிர்ந்ததை அனுப்பிய கணினி மறுபடி அனுப்பும். எல்லாக் கணினியும் அப்படியே செய்தால்? 1986 அக்டோபரில் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜ தூரம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த வழியில் 40 பிட்தான் போய்ச் சேர்ந்தது. கம்பி அறுந்துவிடவில்லை. வழி நிறையப் பொட்டலங்கள் இருந்தன. போனதே திரும்பத் திரும்பப் போனது.

கணினி அறிஞர் வான் ஜேகப்சன் 1988இல் தந்த தீர்வு இது: பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு, அனுப்பும் அளவைச் சட்டென்று குறைத்துவிட வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். காவலே இல்லாத கரையில் ஒவ்வொருவரும் தன் மடையைத் தானே அடைத்துக்கொள்வதைப் போன்றது இது. கோடிக்கணக்கான கணினிகள் இன்றும் இந்த வழியில் நடப்பது எனக்குத் தீராத வியப்பு.

அடைக்க மறுப்பவரை என்ன செய்வது? இன்னொரு கணினி அறிஞர் ஜான் நேகிள் 1985இலேயே வழி சொன்னார். அனுப்புகிறவர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை. ரவுட்டர் சுற்றிச்சுற்றி வந்து வரிசைக்கு ஒரு பொட்டலம் எடுக்கும். அள்ளிக் கொட்டுகிறவரின் வரிசை மட்டும் நீளும், மற்றவர் பங்கு குறையாது. சுத்தமான முறைப்பாசனம்!

வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை ஏற்றும்போது, பக்கத்து அறையில் வீடியோ அழைப்பு திக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரவுட்டரின் நினைவகத்தில் வீடியோப் பொட்டலங்கள் மலையாய்த் தேங்க, பேச்சு அவற்றின் பின்னால் நிற்கிறது. 2012இல் லினக்ஸ் இயங்குதளத்துக்கு வந்த எஃப்க்யூ-கோடல் என்ற வரிசை முறை இதற்கான மருந்து. வரிசைகளைப் பிரிக்கும், எந்த வரிசையிலாவது காத்திருப்பு 5 மில்லிநொடியைத் தாண்டி நீடித்தால் சில பொட்டலங்களை உதிர்த்து, அனுப்புகிறவரை அடங்கச் சொல்லும். நாற்றங்கால் நனைய மட்டும் தண்ணீர் கேட்பவரை முன்னே விடுவதுபோல், பேச்சின் மெல்லிய ஓட்டத்தை முதலில் அனுப்பிவிடும். வீடியோவும் தன் முறையில் ஏறிக்கொண்டிருக்கும்.