கையிலுள்ள திரையில் அரங்கின் ஒலி

சென்ற ஆண்டு ஓர் ஓட்டலின் விருந்து அரங்கில் நடைபெற்ற சிறுதொழில் முனைவோர் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். இத்தகைய கூட்டங்களில் பின்சுவரை ஒட்டி ஒரு நீண்ட மேசையும், அதன்மேல் வரிசை வரிசையாகக் குமிழ்கள் கொண்ட மிக்ஸரும், அங்கிருந்து மேடை வரை தரையில் ஒட்டப்பட்ட தடித்த கேபிளும் இருப்பது வழக்கம். அன்று அவற்றில் எதையும் காணோம். ஒலி அமைப்பாளர் ஒரு டேப்லெட்டைக் கையில் ஏந்தியபடி இருக்கைகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்தார். கடைசி வரிசையில் சற்று நின்றார். திரையில் விரலை வைத்து எதையோ நகர்த்தினார். மங்கலாக ஒலித்த பேச்சாளரின் குரல் தெளிந்தது.

மிக்ஸர் மேடையின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டியாக இருந்தது. மைக்குகளின் கேபிள்கள் அதில் நேராகச் செருகப்படுகின்றன. ஒலி அதனுள்ளேயே கலக்கப்பட்டு ஸ்பீக்கர்களுக்குச் செல்கிறது. டேப்லெட்டின் வழியாக ஒலி செல்வதில்லை; வைஃபை மூலம் கட்டளைகளை மட்டுமே அது அனுப்புகிறது. ஆகவே இடையில் தொடர்பு அறுந்தாலும் ஒலி நின்றுவிடாது. கடைசியாக வைத்த நிலையிலேயே தொடரும். 2012ஆம் ஆண்டு மேக்கி நிறுவனம் வெளியிட்ட டிஎல்1608 என்னும் 16 வழி மிக்ஸர் ஐபேடால் இயங்கியது. அதன்பின் பெஹ்ரிங்கரின் எக்ஸ்ஆர்18, சவுண்ட்கிராஃப்டின் யுஐ வரிசை ஆகியவை வந்தன. யுஐ வரிசைக்குத் தனிச் செயலியும் தேவையில்லை. சாதாரண இணைய உலாவியே போதும்.

ஓட்டல்காரர்களுக்கு இதில் கிடைக்கும் இலாபம் வெளிப்படை. மேசைக்கென ஒதுக்கிய இடத்தில் இன்னும் சில நாற்காலிகள் போடலாம். நடைபாதையில் கேபிளில் தடுக்கி விழுவார் எவருமில்லை. ஆயினும் பெரிய பயன் கேட்பவருக்கே. விருந்து அரங்குகளில் கூரை தாழ்வானது, தூண்கள் மறைக்கும், ஒரு பக்கம் மடிப்புத் தடுப்புச் சுவர் இருக்கும். மூலையில் அமர்ந்தவர் கேட்கும் ஒலி வேறு, நடு வரிசையில் இருப்பவர் கேட்கும் ஒலி வேறு. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. மேடைக்கருகே உள்ள ஸ்பீக்கர்களிலிருந்து 20 மீட்டர் தள்ளி மற்றோர் இணையை வைத்தால், முன்னதன் ஒலி அங்கு வந்து சேர ஏறக்குறைய 58 மில்லிநொடி ஆகும். பின்னிணையையும் அதே அளவு தாமதப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்கும். கணக்குப் போட்டு எண்ணை இட்டுவிடலாம். சரியாக அமைந்ததா என்பதை அந்த இடத்தில் நின்று கேட்டால்தான் அறிய முடியும். முன்பெல்லாம் அதற்கு இருவர் வேண்டும்: ஒருவர் நிற்க, மற்றவர் திருக.

குழு விவாதம் என்றால் சிக்கல் வேறு. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், ஊளைச் சத்தம் எழாமல் கூட்டக்கூடிய ஒலியளவு 3 டெசிபல் குறைகிறது. எட்டுப் பேருக்கு எட்டு மைக் திறந்திருந்தால் 9 டெசிபல் இழப்பு. பேசுபவரின் மைக்கைத் தானே உயர்த்தி மற்றவற்றைத் தணிக்கும் முறையை அமெரிக்கரான டான் டூகன் 1970களில் உருவாக்கினார். இன்று சிறு மிக்ஸர்கள் சிலவற்றிலும் அத்தகைய வசதி உண்டு. வாங்கும்முன் இதைக் கேட்டறிவது நன்று.

அன்றைய கூட்டத்திற்குத் திரும்புவோம். தேநீர் இடைவேளைக்குப் பின் அரங்கு நிரம்பியது. ஏறத்தாழ முந்நூறு பேர். ஒவ்வொருவர் பையிலும் ஒரு கைபேசி. சிறப்பு விருந்தினர் பேசி முடித்து, சட்டையில் குத்திய மைக்குடனேயே வெளியே சென்று யாருடனோ தொலைபேசியில் உரையாடலானார். அவருடைய குடும்ப விவகாரம் அரங்கு முழுவதும் ஒலித்தது. அமைப்பாளர் திரையை அழுத்தி அழுத்திப் பார்த்தார், தொடர்பு இல்லை. மேடைக்கு ஓடினார். பெட்டியில் திருகுவதற்குக் குமிழ் ஒன்றுமில்லை. இறுதியில் மைக்கின் கேபிளையே பிடுங்கினார். சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இப்போது வெட்கத்துடன் நினைக்கிறேன்.

குற்றம் மிக்ஸருடையது அன்று. அதனுள் அமைந்த வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கியது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. அவற்றை ஓட்டலின் வைஃபையும் விருந்தினர்களின் கைபேசிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. காலையில் காலி அரங்கில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது வியப்பன்று. 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் தனி ரவுட்டரைத் தலைகளுக்கு மேலான உயரத்தில் வைப்பதும், கேபிளால் இணைந்த இரண்டாவது கருவி ஒன்றை மேடைக்கருகே ஆயத்தமாக வைப்பதும் இதற்கு மருந்து. மின்சாரம் ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்தில் மிக்ஸரும் ரவுட்டரும் அணைந்து மீண்டும் உயிர்பெறக் காலமாகும். எனவே இரண்டிற்கும் ஒரு சிறு யுபிஎஸ் தேவை. என்னைக் கேட்டால், கூடுதல் வழிகள் கொண்ட மிக்ஸருக்குப் பணம் செலவிடுவதைவிட இவற்றிற்கு முதலில் செலவிடலாம்.

இத்தொழிலில் ஈடுபட்டோர் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் மிக்ஸருக்கும் ஸ்பீக்கருக்கும் மட்டுமே விலைப்புள்ளி பெற்று வருகின்றனர். ரவுட்டர், யுபிஎஸ், இரண்டாவது கருவி ஆகியவற்றையும் அதிலேயே சேர்த்துவிடுவது நல்லது. 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் ரூ.50,000க்கு மேல் ரூ.5 லட்சம் வரை பிணைச் சொத்தின்றிக் கடன் பெற வழியுண்டு. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் கொள்முதலுக்கான ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால் உள்ளீட்டு வரி வரவைக் கோரவும் இயலும்.

அந்த அமைப்பாளரைச் சில மாதங்களுக்குப் பின் வேறோர் அரங்கில் கண்டேன். ரவுட்டர் ஓர் உயர்ந்த ஸ்டாண்டின் மேல் நின்றது. மேடையின் பின்னால் கேபிளில் இணைத்த மடிக்கணினியின் முன் அவருடைய தம்பி மகன் அமர்ந்திருந்தான். பேசி முடித்தவர் ஒலிபெருக்கி மேடையை விட்டு அகன்றதும் அவருடைய மைக்கை நிறுத்துவது மட்டுமே அவனுக்கு இடப்பட்டிருந்த வேலை.