செவிக்குரிய கூடம்

ஊர்தோறும் பெருங்கூடங்களின் முகப்பில் ஆடிட்டோரியம் என்று பொறித்து வைத்திருக்கிறோம். ஆடும் இடம் என்பதுபோல் நம் செவியில் விழுகிறது; ஆயின் அச்சொல்லில் ஆட்டம் இல்லை. கேட்டல் எனப் பொருள்படும் இலத்தீன் வேரில் பிறந்தது அது. தியேட்டர் என்பதோ காண்டலைக் குறிக்கும் கிரேக்க வேரினது. ஈழத்தமிழர் ஆடிட்டோரியத்தைக் கேட்போர் கூடம் என்பர். வேரறிந்து வைத்த பெயர். நாம் கலையரங்கம் என்றோம், செவியை மறந்தோம்.

அரங்கு எனும் சொல்லும் எளியதன்று. ஆற்றிடைக்குறையையும் அது குறிக்கும். நீர் சூழ்ந்த மேடும் மக்கள் சூழ்ந்த மேடையும் ஒரு பெயர் பெற்றமை எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என அரங்கை அளக்கிறது. தூண்நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்கவும் சொல்கிறது. இவை கண்ணுக்கான கணக்கு.

செவிக்கான கணக்கு 1895-இல் ஆர்வர்டில் தொடங்கியது. அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சொலி ஐந்து நொடிக்கு மேல் அடங்காமல் முழங்கிற்று. சொல் மேல் சொல் ஏறி ஒன்றும் விளங்கவில்லை. இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, முழக்கம் குறைவதை அளந்தார் இயற்பியலாளர் வாலசு சபைன். கூடம் பெருத்தால் முழக்கம் நீளும். ஒலியை உண்ணும் பரப்பு மிகுந்தால் குறுகும். அவ்வுண்ணலுக்கு அவர் கொண்ட அளவுகோல் திறந்த சாளரம்: அதன்வழிப் போன ஒலி மீளாதன்றோ?

காஞ்சி வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் கருங்கல், தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் ஓரிரு பங்கே உண்ணும், எஞ்சியதைத் திருப்பியனுப்பும். அவ்வூர்ப் புறத்துக் கூத்துக்களமோ முழுவதும் திறந்த சாளரம். அங்கே முழக்கமில்லை, துணைநிற்கும் சுவருமில்லை. தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் தாழும். அதனால்தான் கூத்தர் அடிவயிற்றிலிருந்து பாடுவர். பின்பாட்டுக்காரர் அடியை வாங்கிப் பாடுவர். முகவீணை எனும் ஊதுகருவி கீச்சென்று உயர்ந்து ஒலிக்கும். நொடிக்கு 2000 முதல் 5000 வரையான அதிர்வுகளை நம் செவி மிகக் கூர்மையாய்ப் பற்றும். கூத்தர் பூணும், கண்ணாடிச் சில்லு பதித்த கட்டை அணிகள் கண்ணுக்கு அதே பணியைச் செய்கின்றன.

இக்கூத்துக்கென 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சியை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் தன் இருப்பிடத்துக்கு இட்ட பெயர் கூத்துக் கலைக் கூடம்.