உங்களுக்குத் தெரியுமா? சாடியில் அரிசி பியர், பக்கத்தில் சுட்ட மீன்

அதியமான்கோட்டைக்குப் பெயர் தந்த சங்ககால மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி, கள் கொஞ்சமாகக் கிடைத்தால் புலவர் ஔவையாருக்கே கொடுத்துவிடுவானாம். நிறையக் கிடைத்தால் அவர் பாடக் கேட்டபடி தானும் மகிழ்ந்து குடிப்பானாம். புறநானூறு 235இல் ஔவையாரே சொல்வது இது. அவன் மகன் பொகுட்டெழினி தந்த தேறலோ தேள் கொட்டியதுபோல ஏறுமாம். நாள்பட்ட சரக்கு!

அக்காலச் செய்முறை ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளையிடித்துச் செய்த அடையைக் கலந்து, இரண்டு பகல், இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவார்கள். தானிய முளையில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். இன்றைய பியர் ஆலையில் மால்ட் செய்வதும் அதே வேலைதான்.

தொட்டுக்கொள்ள? வலைஞர் குடியிருப்பில் அதனுடன் கிடைத்தது, அப்போது பிடித்துச் சுட்ட மீன்.