சொந்தத் திடலின் பலம்

அமெரிக்கக் காற்பந்தில் சொந்தத் திடல் எப்படி உதவுகிறது என்பதைப் பார்ப்போம்.

தாக்கும் குழுவினர், பந்து புறப்படும்வரை அசையாது நிற்க வேண்டும். ஆட்டத்தை நடத்துபவரின் குரலே அவர்களுக்கு அடையாளம். முந்தி அசைந்தால் 5 கஜம் பின்வாங்க வேண்டும். ஆகவே, வெளியூர்க் குழு தாக்கும்போது ரசிகர்கள் கூச்சலிட்டு அக்குரலை அமுக்குகின்றனர். தம்மவர் தாக்கும்போது அமைதி காக்கின்றனர்.

2005 நவம்பரில் சியாட்டல் நகரில் நியூயார்க் ஜயண்ட்ஸ் குழு இத்தவற்றை 11 முறை செய்து, கூடுதல் நேரத்தில் 21-24 எனத் தோற்றது. 2014இல் கான்சஸ் சிட்டி ஆரோஹெட் அரங்கில் இரைச்சல் 142.2 டெசிபலை எட்டியது.

இதைச் சமாளிக்க, வெளியூர்க் குழுக்கள் ஒலிபெருக்கி அலற விட்டுப் பயிற்சி செய்கின்றன. சைகையால் பேசப் பழகுகின்றன.

களத்தில் ஒரு குழுவுக்கு 11 பேர்தாம். சியாட்டல் குழுவோ, 12ஆம் எண்ணை 1984இல் ரசிகர்களுக்கே ஒதுக்கிவிட்டது.