பாயும் குதிரையின் கால்கள் எங்கே இருக்கும்? கேமரா திருத்திய ஓவியம்

8 பேர் குதிரைகளில் தலைதெறிக்கப் பாய்ந்து வருகிறார்கள். பின்னால் ஒரே புழுதி. அதற்கும் பின்னால் துரத்தி வரும் அபாச்சி பழங்குடி வீரர்கள். குண்டடி பட்டுச் சரியும் ஒருவரை, பக்கத்தில் வருபவர் தாங்கிப் பிடிக்கிறார். அமெரிக்க ஓவியர் ஃபிரெடெரிக் ரெமிங்டன் 1889-ல் வரைந்த 'எ டேஷ் ஃபார் த டிம்பர்' ஓவியக் காட்சி இது. சுமார் 4 அடி உயரம், 7 அடி அகலம். இன்று டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில், ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதில் குதிரைகளின் கால்களைக் கவனியுங்கள். பல குளம்புகள் தரையைத் தொடவே இல்லை. கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கியிருக்கின்றன. இதில் என்ன விசேஷம்?

அதுவரை எப்படி வரைந்தார்கள்?

முன்னங்கால் இரண்டும் முன்னால், பின்னங்கால் இரண்டும் பின்னால் நீட்டியபடி அந்தரத்தில் பறக்கும் குதிரை. பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1821-ல் வரைந்த எப்சம் டெர்பி பந்தய ஓவியத்தில் அப்படித்தான் இருக்கும். பார்க்க வேகமாகத் தெரியும். ஆனால், நிஜக் குதிரை அப்படி ஓடுவதில்லை. பாய்ச்சலில் கால்கள் மாறும் வேகத்தை நம் கண்ணால் பிடிக்க முடியாது, அவ்வளவுதான்.

உண்மை தெரிந்தது 1878-ல். கலிஃபோர்னியா தொழிலதிபர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்காக, புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் பந்தயப் பாதை ஓரம் கேமராக்களை வரிசையாக வைத்தார். குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட ஓட, ஒவ்வொரு கேமராவும் தானாகப் படமெடுத்தது. நாலு காலும் தரையை விட்டு எழும்புவது நிஜம்தான். ஆனால், கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல. வயிற்றுக்கடியில் ஒன்றுகூடும் நொடியில்! ரெமிங்டன் வரைந்தது அந்த நொடியைத்தான்.

அப்போ புகைப்படமே போதாதா?

ஒரு சிக்கல் இருக்கிறது. புகைப்படத்தில் கால்கள் சரியாக இருக்கும். ஆனால், குதிரை உறைந்து நிற்பது போலவும் தோன்றும். ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவர ஓவியருக்கு உதவுவது பெயின்ட். அதைத் தடிமனாக அப்பும்போது கேன்வாஸில் சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் உருவாகும். மேட்டில் வெளிச்சம் விழும், பள்ளத்தில் நிழல் தங்கும். பார்ப்பவர் நகர நகர அந்த வெளிச்சமும் இடம் மாறும். புழுதியும் பிடரிமயிரும் அசைவது போலத் தெரியும். இதற்கு 'இம்பாஸ்டோ' என்று பெயர். மொபைல் திரையில் இது முழுசாகத் தெரியாது. அருங்காட்சியகத்தில் இப்படியொரு ஓவியத்தைப் பார்க்க நேர்ந்தால், கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

கால்கள் நிஜம். கதை?

ரெமிங்டன் நியூயார்க் மாநிலத்துக்காரர். மேற்குப் பகுதிக்குப் பயணம் போய், ஸ்கெட்ச்களும் பொருட்களும் சேகரித்து வந்து ஸ்டுடியோவில் வரைந்தவர். அபாச்சி தலைவர் ஜெரோனிமோ 1886-லேயே சரணடைந்துவிட்டார். அதாவது, இந்த ஓவியம் வருவதற்கு 3 ஆண்டுகள் முன்பே அந்தப் போர் கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டது.

ஓவியத்தில் குதிரை வீரர்கள் உயிருக்குத் தப்பி ஓடுகிறார்கள், பழங்குடியினர் துரத்துகிறார்கள். நிஜத்தில் சொந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் அபாச்சிகள். அது இந்த கேன்வாஸில் இல்லை. கௌபாய் தொழிலைத் தொடங்கிவைத்த மெக்சிகோ 'வக்கேரோ'க்களும், பெரும் எண்ணிக்கையில் வேலை பார்த்த கறுப்பின கௌபாய்களும்கூட, பிற்பாடு வந்த ஹாலிவுட் படங்களில் பெரும்பாலும் காணாமல் போனார்கள்.

எனவே, இப்படியொரு ஓவியத்தைப் பார்த்தால் முதலில் குதிரையின் கால்களைப் பாருங்கள். அப்புறம், தூரத்தில் சின்னதாக வரையப்பட்டிருப்பவர்கள் யார் என்றும் பாருங்கள்.