பனி தேசத்துக்குப் புறப்படும் பெற்றோர்

மகளுக்குப் பிரசவம், பேரனுக்குப் பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு காரணம் வாய்த்துவிடும். ஜனவரி மாதத்தில் டொரொன்டோவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. பெட்டியில் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் முதலில் ஏறும். ஸ்வெட்டர்கள் மேலே அமுங்கும். சென்னையின் ஜனவரி விடியலில் வெப்பநிலை 20 டிகிரி வாக்கில் இருக்கும். டொரொன்டோவின் இரவு சராசரியாக மைனஸ் 7. அறுபதைக் கடந்த உடம்பு இந்த இடைவெளியை ஒரே நாளில் தாண்டப் போகிறது.

ஸ்வெட்டர் கடைக்கு முன் மருத்துவர்

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. கனடாவுக்கு வரும் விருந்தாளிகளுக்கு அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்கான காப்பீடு கட்டாயம். ஆனால் பல தனியார் காப்பீடுகள், பழைய நோய் சில மாதங்களாவது மாற்றமின்றி கட்டுக்குள் இருந்தால்தான் அதற்கான செலவை ஏற்கும். புறப்படும் வாரத்தில் ரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்றினால், அங்கே போய்ச் சேர்ந்தபின் அதுவே சிக்கலாகலாம். மருந்து மாற்றம் எதுவானாலும் முன்கூட்டியே முடிந்திருப்பது நல்லது.

ஃபுளூ தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே ஃபுளூவின் உச்சகாலம்.

இன்சுலின் போடுபவர்கள் அதைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் அது உறைந்துவிட வாய்ப்புண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. சென்னைக்கும் டொரொன்டோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

காற்று வீசினால் கணக்கே வேறு

செல்பேசியில் மைனஸ் 10 என்று பார்த்துவிட்டுத் தைரியமாக வெளியே வருபவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அதே மைனஸ் 10 தோலுக்கு மைனஸ் 20 போலிருக்கும். இப்படிக் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28-ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். மூக்கு நுனி, காது மடல், விரல்கள்தான் முதலில் மாட்டும். மாநிறத் தோலில் வெளிறுவது எளிதில் தெரியாது. அதனால் மரத்துப்போவதையே எச்சரிக்கை மணியாகக் கொள்ள வேண்டும். அப்போது நம் ஊர் வழக்கப்படி பரபரவென்று தேய்க்கக் கூடாது. உறைந்த திசு சிதைந்துவிடும். அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டவும் கூடாது, மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. வீட்டுக்குள் வந்து, வெதுவெதுப்பான நீரில் மெல்ல முக்கிவைத்தபடி மருத்துவ உதவி தேட வேண்டும்.

உடுப்பைப் பொறுத்தவரை, கோடைக்கு உற்ற துணையான பருத்தி அங்கே கைவிட்டுவிடும். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். உடம்பை ஒட்டித் தெர்மல், அதன்மேல் கம்பளி, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போதும். சேலை கட்டும் அம்மாக்கள் உள்ளே தெர்மல் கால்சட்டை அணியத் தயங்கவே வேண்டாம். பூட்ஸை மட்டும் இங்கே வாங்காமல், அங்கே போய்க் காலில் போட்டுப் பார்த்து, கம்பளிக் காலுறைக்கும் இடமிருக்கிறதா என்று உறுதிசெய்து வாங்குவதே சரி. இறுக்கமான பூட்ஸ் ரத்த ஓட்டத்தைக் குறைத்துப் பாதத்தை இன்னும் சில்லிட வைக்கும்.

வீட்டுக்குள் வறட்சி

உள்ளே வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? ஹீட்டர் ஓடும் வீட்டின் காற்று வறண்டிருக்கும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியலாம், கணுக்காலில் அரிப்பு தாங்காது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் புட்டியிலேயே கட்டியாகிக் கிடக்கும். குளித்த ஈரம் காயும் முன் கெட்டியான களிம்பைப் பூசினால் பலன் கிடைக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

மண்வாரி அப்பாவுக்கு வேண்டாம்

மகன் வேலைக்குப் போயிருப்பான். வாசலில் முழங்கால் உயரப் பனி. சும்மா இருக்க முடியாத அப்பா மண்வாரியை எடுப்பார். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறியிருக்கும் வேளையில், ஈரப்பனியைத் தூக்குவது இதயத்துக்குப் பெரும்பாரம். 1981 முதல் 2014 வரையிலான கியூபெக் மாகாணப் பதிவுகளை ஆராய்ந்த மருத்துவர்கள், கடும் பனி பெய்த மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு அதிகரிப்பதைக் கண்டார்கள். இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர் இந்த வேலையைத் தொடவே கூடாது.

சொல்லாமல் மறைக்கும் வலி

பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாதென்று நெஞ்சு வலியைக்கூட வாயுப் பிடிப்பு என்று சொல்லிச் சமாளிக்கும் பெற்றோர் ஏராளம். காப்பீட்டு அட்டையின் நகலும் மருந்துச் சீட்டும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கட்டும். டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 811-ஐ அழைத்தால் எந்நேரமும் ஒரு செவிலியரிடம் பேசலாம். நெஞ்சு வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் 911. இந்த இரண்டு எண்களையும், வீட்டு முகவரியையும், வந்திறங்கிய முதல் நாளே அம்மாவின் செல்பேசியில் பதிந்து தருவது பிள்ளைகளின் வேலை.